தலைக்கா, இரவுக்கா, தொலைவுக்கா? வெளிநாட்டுப் பயணிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணங்களையும் புறப்பாட்டு வரிகளையும் ஒப்பிட்டு முடிவெடுத்தல்

இரண்டு பெரியவர்கள், எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள் என நால்வர் கொண்ட ஒரு குடும்பம், வரும் விடுமுறைக்கு நியூசிலாந்துக்குப் போவதா பூடானுக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நியூசிலாந்து அரசு வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் இயற்கைப் பாதுகாப்பு மற்றும் சுற்றுலாத் தீர்வை 2024 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு 100 நியூசிலாந்து டாலர். பூடான் அரசு வாங்கும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் 2023 செப்டம்பர் முதல் பெரியவர் ஒருவருக்கு 100 அமெரிக்க டாலர். எழுத்தில் பார்க்கும்போது இரண்டும் நூறுதான். ஆனால் நியூசிலாந்தின் நூறு டாலர் பயணம் முழுவதற்கும் உரியது. பூடானின் நூறு டாலர் ஓர் இரவுக்கு மட்டும் உரியது. பூடானில் ஆறு வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை பாதிக் கட்டணம் என்பதால், இந்தக் குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு 250 அமெரிக்க டாலர் ஆகிறது. நான்கு இரவுக்கு 1,000, பத்து இரவுக்கு 2,500. நியூசிலாந்தின் தீர்வையில் குழந்தைகளுக்கு விலக்கு இல்லாததால் நால்வருக்கும் சேர்த்து 400 நியூசிலாந்து டாலர் ஆகும். நான்கு நாளில் திரும்பினாலும், அனுமதி உள்ளவரை நாற்பது நாள் தங்கினாலும் அந்த 400 மாறாது.

இவ்வகைக் கட்டணங்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் தொகையை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். அந்தத் தொகை எதனால் பெருக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சில நாடுகள் தலையை எண்ணுகின்றன; சில, இரவுகளை எண்ணுகின்றன; சில, பறக்கும் தொலைவையும் அமரும் இருக்கையின் வகுப்பையும் அளக்கின்றன; சில, நாட்டை விட்டு எத்தனை முறை வெளியேறுகிறோம் என்று கணக்கு வைக்கின்றன. நம் பயணத்தின் வடிவத்துக்கும் கட்டணத்தின் வடிவத்துக்கும் உள்ள பொருத்தம்தான் இறுதிச் செலவைத் தீர்மானிக்கிறது. எனவே எந்த நாடு, எத்தனை நாள், எந்த வழி, எந்த வகுப்பு, எத்தனை சீட்டு ஆகிய முடிவுகளை எடுக்கும்போதே இவற்றைக் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது. விமானச் சீட்டை வாங்கிய பிறகு செய்யும் ஒப்பீட்டால் எதையும் மாற்ற முடிவதில்லை.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு, தீர்வைகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஓடுபாதை, முனையம், பாதுகாப்புச் சோதனை போன்ற வசதிகளுக்கு ஆகும் செலவை ஈடுசெய்ய வாங்கப்படுவது கட்டணம். அரசின் பொது வருவாய்க்காக, விமானப் போக்குவரத்துக்குத் தொடர்பில்லாத செலவுகளுக்கும் பயன்படுத்தக்கூடியதாக வாங்கப்படுவது வரி. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 15-ஆவது பிரிவு, ஒரு நாட்டுக்குள் நுழையும் அல்லது அதிலிருந்து வெளியேறும் உரிமைக்காக மட்டுமே விமானத்திடமிருந்தோ அதில் உள்ளவர்களிடமிருந்தோ கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று சொல்கிறது. அப்படியிருந்தும் இத்தனை கட்டணங்கள் நடைமுறையில் இருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு, சுற்றுலா வளர்ச்சி, எல்லைப் பணிகள், மின்னணு அனுமதிக்கான பரிசீலனை என ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கமும் ஒரு பெயரும் இருக்கின்றன. பெயரைக் கொண்டு மட்டும் அது எந்த வகை என்று கண்டுபிடிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும்.

ஒருமுறை செலுத்தும் கட்டணங்கள்

ஒருமுறை செலுத்தும் கட்டணம் நீண்ட நாள் தங்குபவருக்குச் சாதகமானது என்பது வெளிப்படை. ஈக்குவடாரைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகளின் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்கு 100 அமெரிக்க டாலராக இருந்த இந்தக் கட்டணம், 2024 ஆகஸ்ட் 1 முதல் 200 டாலராக உயர்த்தப்பட்டது; பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 100 டாலர். நம் குடும்பம் அங்கே போனால் நுழைவுக் கட்டணம் மட்டுமே 600 டாலர். தீவுகளுக்குப் போவோர் வாங்க வேண்டிய 20 டாலர் பயணக் கட்டுப்பாட்டு அட்டை இதில் சேராது. மூன்று நாளில் திரும்பிவிடும் பயணத்துக்கு இது நாளொன்றுக்கு 200 டாலர்; பன்னிரண்டு நாள் தங்கினால் நாளொன்றுக்கு 50 டாலர். ஆகவே வேறு இடங்களுக்கு நடுவில் இரண்டு மூன்று நாள் ஒதுக்கிக் கலாபகோஸைப் பார்த்துவிட்டு வரும் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். போவதானால் பயணத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவு, 2018 முதல் 100 அமெரிக்க டாலர் சுற்றுச்சூழல் கட்டணத்தை விமானச் சீட்டின் விலையிலேயே சேர்த்து வாங்குகிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவு, 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் 1,50,000 இந்தோனேசிய ரூபியா வாங்குகிறது. தொகையில் இவை மிகவும் வேறுபட்டாலும், எத்தனை நாள் தங்குகிறோம் என்பதைப் பொருட்படுத்தாதவை என்ற வகையில் ஒன்றுதான்.

ஒருமுறை என்ற சொல்லுக்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. நியூசிலாந்தின் தீர்வை, விசா தேவைப்படாத நாட்டவர் பெறும் மின்னணுப் பயண அனுமதியுடன் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அந்த அனுமதி இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால், அந்தக் காலத்துக்குள் மூன்று முறை போய்வந்தாலும் தீர்வை ஒருமுறைதான். விசா பெற்றுச் செல்பவர் விசா விண்ணப்பத்துடன் அதைச் செலுத்துகிறார். பாலியின் கட்டணமோ ஒவ்வொரு வருகைக்கும் உரியது. அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் செல்லும் உரிமை பெற்ற நாட்டவர்கள் செலுத்தும் எஸ்டா என்ற மின்னணு அனுமதிக் கட்டணம் 2010-இல் 14 டாலராகத் தொடங்கி, 2022-இல் 21 டாலராகி, 2025 செப்டம்பர் 30 முதல் 40 டாலராக உயர்ந்துவிட்டது. அதுவும் இரண்டு ஆண்டுகள் செல்லும். இத்தகைய அனுமதிகள் எல்லாம் கடவுச்சீட்டுடன் பிணைக்கப்பட்டவை. கடவுச்சீட்டு காலாவதியானால் அனுமதியும் அதோடு முடிந்துவிடும். அடுத்த சில மாதங்களில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருப்பவர் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு அனுமதிக்கு விண்ணப்பித்தால், இரண்டு ஆண்டுப் பயனை முழுமையாகப் பெறலாம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இந்த ஒரு வரிசை மாற்றம் 160 டாலரை மிச்சப்படுத்தக்கூடும்.

வெளியேறும்போது விதிக்கப்படும் வரி வேறொரு கணக்கில் இயங்குகிறது. நுழைவுக் கட்டணங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்களிடம் மட்டுமே வாங்கப்படுகின்றன. புறப்பாட்டு வரி பொதுவாகச் சொந்தக் குடிமக்களுக்கும் உண்டு. ஜப்பான் 2019 ஜனவரி 7 முதல், நாட்டை விட்டுப் புறப்படும் ஒவ்வொருவரிடமும், இரண்டு வயது நிரம்பாதவர் நீங்கலாக, 1,000 யென் என்ற விகிதத்தில் இதை வாங்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பயணிகள் நடமாட்டக் கட்டணம் 1995-இல் 27 ஆஸ்திரேலிய டாலராகத் தொடங்கி, 2017-இல் 60 டாலராகி, 2024 ஜூலை 1 முதல் 70 டாலராக இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. இது ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் விதிக்கப்படும் என்பதால் பயணத்தின் பாதையை அமைக்கும் விதமே செலவை மாற்றிவிடுகிறது. சிட்னியில் இறங்கி, சில நாள் தங்கி, நியூசிலாந்துக்குப் போய், மீண்டும் சிட்னிக்கு வந்து சில நாள் தங்கி ஊர் திரும்பும் பயணி ஆஸ்திரேலியாவிலிருந்து இருமுறை வெளியேறுகிறார். ஆகவே பெரியவர் ஒருவருக்கு 140 டாலர். சிட்னியில் இறங்கி ஆக்லாந்திலிருந்து நேராக ஊர் திரும்பும்படி சீட்டு எடுத்தால் அது 70 டாலராகக் குறைந்துவிடும். போகவர ஒரே விமான நிலையம் என்ற பழக்கத்தை விட்டுவிட்டு இரண்டு விதமாகவும் விலை கேட்டுப் பார்ப்பது இத்தகைய இடங்களில் பலன் தரும்.

இரவுக் கணக்கு

இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் நாடு எனக்குத் தெரிந்த அளவில் பூடானைப் போல் இன்னொன்று இல்லை. பல நகரங்கள் விடுதி அறைக்கு வரி விதித்தாலும் அவற்றின் அளவு இதனுடன் ஒப்பிடத்தக்கதாக இல்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் நாடு மீண்டும் திறக்கப்பட்டபோது கட்டணம் இரவுக்கு 65 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகு 100 டாலராகக் குறைக்கப்பட்டு, அந்தக் குறைந்த விகிதம் 2027 ஆகஸ்ட் வரை தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. முன்பு ஒரு நாளைக்கு 200 அல்லது 250 டாலர் என்ற குறைந்தபட்சத் தொகுப்பு விலையில் தங்குமிடம், உணவு, வழிகாட்டி, வாகனம் எல்லாம் அடங்கியிருந்தன. இப்போதைய கட்டணத்தில் அவை எவையும் அடங்கவில்லை. பழைய பயணிகளிடம் கேட்டுக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அவர்கள் சொல்லும் 250 டாலரும் இன்றைய 100 டாலரும் ஒரே பொருளின் விலைகள் அல்ல.

இரவுக் கட்டணம் குறுகிய பயணத்தை ஊக்குவிக்கிறது, நீண்ட பயணத்தைத் தண்டிக்கிறது. பணி விடுப்பு குறைவாக உள்ளவர், ஐந்தாறு நாளில் பாரோவையும் திம்புவையும் புனாக்காவையும் பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணுபவர், இதைத் தாங்கிக்கொள்ளலாம். மெதுவாக நடந்து ஊர்களைப் பார்க்க விரும்புபவருக்கும், ஒரே இடத்தில் மூன்று வாரம் அமர்ந்து எழுதவோ படிக்கவோ விரும்புபவருக்கும் இது ஏற்றதல்ல. கூட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு சிறிய நாடு முடிவெடுக்கும் உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நாட்டைப் பொறுமையாக அறிய விரும்புகிறவர்தான் அதிகமாகச் செலுத்துகிறார் என்பது இந்த முறையின் குறை என்றும் கருதுகிறேன்.

வெனிஸ் நகரம் இதற்கு நேர்மாறான வழியை எடுத்திருக்கிறது. 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கிய நுழைவுக் கட்டணம், நகரில் இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு உரியது. 2025-இல் 54 நாள்களுக்கு நடைமுறையில் இருந்த இந்தக் கட்டணம், சில நாள்களுக்கு முன்பே பதிவு செய்தவருக்கு 5 யூரோவாகவும் கடைசி நேரத்தில் செலுத்துபவருக்கு 10 யூரோவாகவும் இருந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு. நகரில் இரவு தங்குபவர் விடுதி வழியாகத் தங்கல் வரி செலுத்துவதால் இந்தக் கட்டணத்திலிருந்து விடுபடுகிறார். ஒருநாள் பயணமா, ஓர் இரவுத் தங்கலா என்ற முடிவில் இந்த ஐந்து பத்து யூரோ பெரிய எடை பெறாது என்பது உண்மைதான். விடுதி அறையின் வாடகை அதை மூழ்கடித்துவிடும். தேதியை மாற்ற முடிந்தவர் கட்டணம் இல்லாத நாளைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.

தொலைவும் இருக்கையும்

கவனமாகப் படிக்க வேண்டியது பிரிட்டனின் விமானப் பயணிகள் தீர்வை. தவறான முடிவின் விலை வேறெங்கும் இந்த அளவுக்கு உயர்வதில்லை. சரியாகத் திட்டமிட்டால் கிடைக்கும் மிச்சமும் அப்படியே. 1994 நவம்பர் 1 அன்று தொடங்கியபோது அருகில் உள்ள ஐரோப்பிய நாடுகளுக்கு 5 பவுண்டு, மற்ற இடங்களுக்கு 10 பவுண்டு என்று எளிமையாக இருந்தது. இன்று அது லண்டனிலிருந்து சேருமிட நாட்டின் தலைநகர் வரையுள்ள தொலைவை வைத்து விதிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்கான விகிதப்படி, மிகக் குறைந்த வகுப்பில் பயணம் செய்பவருக்கு 2,000 மைல் வரை 13 பவுண்டு, 5,500 மைல் வரை 90 பவுண்டு, அதற்கும் மேல் 94 பவுண்டு. அதைவிட உயர்ந்த எந்த வகுப்பானாலும் முறையே 28, 216, 224 பவுண்டு.

‘எந்த வகுப்பானாலும்’ என்ற சொற்களைப் பலர் கவனிப்பதில்லை. கால் நீட்டச் சற்றுக் கூடுதல் இடம் தரும் பிரீமியம் எகானமியும், படுத்து உறங்கும் வசதியுள்ள முதல் வகுப்பும் இந்தத் தீர்வையின் கண்ணில் ஒன்றே. மேலும் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கான விலக்கு, அவர்கள் மிகக் குறைந்த வகுப்பில் பயணம் செய்தால் மட்டுமே பொருந்தும். நம் நால்வர் குடும்பம் லண்டனிலிருந்து இரண்டாம் பட்டைக்கு, அதாவது 2,000 மைலுக்கு மேல் 5,500 மைல் வரையுள்ள தொலைவுக்கு, உரிய நாடொன்றுக்குப் பறப்பதாகக் கொள்வோம். எகானமி வகுப்பில் பிள்ளைகளுக்குத் தீர்வை இல்லை. பெரியவர்கள் இருவருக்கும் 180 பவுண்டு. அதே குடும்பம் பிரீமியம் எகானமியில் அமர்ந்தால் நால்வருக்கும் 216 வீதம் 864 பவுண்டு. சலுகை விலையில் இருக்கை உயர்வு கிடைக்கிறது என்று மகிழ்பவர்கள், அந்த விலைக்குப் பின்னால் 684 பவுண்டு வரி வேறுபாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். பெற்றோருக்கு முதுகுவலியோ மூட்டுவலியோ இருந்து வசதியான இருக்கை தேவைப்படுமானால், போகும் வழியில் மட்டும் எகானமியும், பிரிட்டனை நோக்கித் திரும்பும் வழியில் உயர்ந்த வகுப்பும் என்று பிரித்துக் கேட்டுப் பார்க்கலாம். தீர்வை பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணத்துக்குத்தான், அங்கே வந்து சேரும் பயணத்துக்கு இல்லை.

இந்தத் தீர்வையைத் தவிர்க்கும் வழியாக அடிக்கடி சொல்லப்படுவது அயர்லாந்து வழிப் பயணம். அயர்லாந்து 2009-இல் கொண்டுவந்த விமானப் பயண வரியை 2014 ஏப்ரலில் முற்றிலும் நீக்கிவிட்டது. லண்டனிலிருந்து டப்ளினுக்குத் தனிச் சீட்டும், டப்ளினிலிருந்து தொலைதூரத்துக்கு இன்னொரு சீட்டும் வாங்கினால் பிரிட்டனுக்கு 13 பவுண்டு மட்டுமே சேரும். பெரியவர் ஒருவருக்கு 77 பவுண்டு மிச்சம். இரண்டையும் ஒரே சீட்டில் வாங்கி, டப்ளினில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறினால், இறுதிச் சேருமிடத்தின் தொலைவே கணக்கில் கொள்ளப்படும். மிச்சம் எதுவும் இல்லை. தனித்தனிச் சீட்டில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பேற்க யாரும் இல்லை. பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அயர்லாந்து விசா தேவைப்படுபவருக்கு அந்தச் செலவும் சேரும். ஒரே நாளில் மாறிப் போவதற்காக இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது சூதாட்டத்துக்கு ஒப்பானது. டப்ளினில் இரண்டு நாள் தங்கிப் பார்க்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் இது நல்ல தேர்வு.

பயணிகள் இப்படி இடம் மாறுவார்கள் என்பது அரசுகளுக்கும் தெரிந்ததே. நெதர்லாந்து 2008 ஜூலையில் கொண்டுவந்த விமான வரியால், பயணிகள் எல்லை தாண்டி ஜெர்மனி, பெல்ஜிய விமான நிலையங்களுக்குப் போகத் தொடங்கினர். ஓராண்டிலேயே அது கைவிடப்பட்டது. பின்னர் 2021-இல் வேறு வடிவில் மீண்டும் வந்து, 2023-இல் 26.43 யூரோவாக உயர்ந்தது. சுவீடன் 2018-இல் விதித்த விமான வரியை 2025 ஜூலை 1 அன்று நீக்கியது. எல்லைக்கு அருகில் வாழ்பவர்களும், இரண்டு நாடுகளை ஒரே பயணத்தில் பார்ப்பவர்களும் எங்கிருந்து புறப்படுவது என்று முடிவெடுக்கும்போது, சென்ற முறை பார்த்த வரி இந்த முறையும் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இடைநிறுத்தத்தின் மணிக்கணக்கு

நீண்ட பயணத்தின் நடுவில் ஒரு நகரத்தில் இறங்கிச் சற்று ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஆசைக்கு ஒவ்வொரு நாடும் வெவ்வேறு எல்லை வகுத்திருக்கிறது. ஜப்பானில் வந்து 24 மணி நேரத்துக்குள் புறப்படும் இடைமாற்றப் பயணிக்கு வரி இல்லை. பிரிட்டனில் ஒரே சீட்டில் தொடரும் பயணமாக இருந்து, இடைவெளி 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் தீர்வை இல்லை. இருபத்து மூன்று மணி நேர இடைவெளி இலவசம், இருபத்தைந்து மணி நேரமானால், இரண்டாம் பட்டை நாட்டுக்கு எகானமியில் போகும் பெரியவர் ஒருவருக்கு மேலே சொன்ன விகிதப்படி 90 பவுண்டு. அதிலும் இரு விமானங்களும் தனித்தனிச் சீட்டுகளில் இருந்தால், இடைவெளி மூன்று மணி நேரமானாலும் தீர்வை உண்டு. மலேசியா 2019 செப்டம்பர் முதல் வாங்கும் புறப்பாட்டுத் தீர்வை, எகானமி வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 ரிங்கிட், மற்ற நாடுகளுக்கு 20 ரிங்கிட் என்ற சிறிய தொகை என்பதால், அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. ஹாங்காங் 2025 அக்டோபர் 1 முதல் 200 ஹாங்காங் டாலர் வாங்குகிறது. விமானத்தில் வந்து அதே நாளில் விமானத்தில் புறப்படுபவருக்கும், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவருக்கும் விலக்கு. மாலையில் வந்து மறுநாள் காலையில் புறப்படுபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. விடியற்காலையில் வந்து இரவில் புறப்படும் விமானங்கள் கிடைத்தால் விடுதிச் செலவும் சேர்ந்து மிச்சமாகும்.

எங்கே செலுத்துகிறோம், எது திரும்பி வரும்

சீட்டின் விலையிலேயே அடங்கிய வரி, வீட்டிலிருந்தே இணையத்தில் செலுத்தும் கட்டணம், விமான நிலையத்தில் கையிலிருந்து கொடுக்கும் கட்டணம் என்ற மூன்றில், முதலாவதைத்தான் பயணிக்கு நன்மை தருவதாகக் கருதுகிறேன். விலைகளை ஒப்பிடும்போதே அது கண்ணுக்குத் தெரிகிறது, மறந்துபோக வழியில்லை. கோஸ்டா ரிகாவின் 29 அமெரிக்க டாலர் புறப்பாட்டு வரி முன்பு விமான நிலையச் சாளரத்தில் வரிசையில் நின்று செலுத்த வேண்டியதாக இருந்து, பின்னர் சீட்டோடு இணைக்கப்பட்டது. பல நாடுகள் அதே பாதையில் நகர்ந்துவிட்டன. கையில் பணமாகச் செலுத்தும் வழக்கம் எஞ்சியிருக்கும் இடங்களில், உள்ளூர் நாணயத்தை எல்லாம் கடைசி நாளில் செலவழித்துவிட்டு, பிள்ளைகளுடன் வரிசையில் நின்று பணப்பையைத் துழாவும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்டுக்குப் போவதானால் புறப்படும் நாளுக்கான தொகையை வந்திறங்கிய நாளிலேயே தனி உறையில் போட்டு, கடவுச்சீட்டுடன் வைத்துவிட வேண்டும்.

இணையத்தில் செலுத்தும் அனுமதிகளுக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள், அரசுக் கட்டணத்துக்கு மேல் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து வாங்கிவிடுகின்றன. தேடுபொறி முதலில் காட்டும் இணைப்பை அழுத்தாமல், அந்த நாட்டின் குடிவரவுத் துறையின் முகவரியைத் தேடி எடுத்துச் செலுத்துவதுதான் பாதுகாப்பு.

பயணம் கைவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதிலும் இவை வேறுபடுகின்றன. எஸ்டா போன்ற அனுமதிக்காகச் செலுத்திய தொகை, பயணம் நடக்காவிட்டாலும் திரும்பி வராது. சீட்டில் அடங்கிய புறப்பாட்டு வரியோ, நாம் பறந்தால்தான் விமான நிறுவனம் அரசுக்குச் செலுத்த வேண்டியது. சில ஆண்டுகளுக்கு முன் உடல்நலக் குறைவால் ஒரு பயணத்தை நான் கைவிட நேர்ந்தபோது, பணம் திரும்பாத வகைச் சீட்டு என்று சொல்லிப் பயண முகவர் கைவிரித்துவிட்டார். சீட்டின் விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகுதான், அடிப்படைக் கட்டணம் திரும்பாவிட்டாலும் வரிப் பகுதியைக் கேட்டுப் பெறலாம் என்பது எனக்குப் புரிந்தது. எழுத்தில் கேட்டேன், கிடைத்தது. சில நிறுவனங்கள் இதற்குக் கையாளும் கட்டணம் பிடித்துக்கொள்வதால், சிறிய வரியானால் எதுவும் மிஞ்சாமல் போகலாம். பிரிட்டனின் 90 பவுண்டு போன்ற தொகையைக் கேட்காமல் விடக் கூடாது.

விவரத்தாளில் உள்ள இரண்டு எழுத்துக் குறியீடுகள் இங்கே உதவும். ஜிபி என்பது பிரிட்டனின் பயணிகள் தீர்வை. யூபி என்பது அங்குள்ள விமான நிலையங்களின் பயணிகள் சேவைக் கட்டணம். ஒய்க்யூ, ஒய்ஆர் என்பவை வரிகளின் வரிசையில் அச்சிடப்பட்டாலும் விமான நிறுவனம் தனக்காக வாங்கும் கூடுதல் கட்டணங்கள். எந்த அரசுக்கும் அவை போய்ச் சேர்வதில்லை. சேர்த்துவைத்த புள்ளிகளைக் கொண்டு சீட்டு எடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. புள்ளிகள் அடிப்படைக் கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும் திட்டங்களில், அரசு வரிகளையும் நிறுவனத்தின் கூடுதல் கட்டணத்தையும் பணமாகவே செலுத்த வேண்டும். அரசு வரியைப் புறப்படும் விமான நிலையத்தை மாற்றுவதால் குறைக்கலாம். கூடுதல் கட்டணத்தை வேறு விமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதால் குறைக்கலாம். இரண்டையும் ஒரே பெயரில் வரி என்று எண்ணிக்கொண்டிருப்பவர் எதையும் குறைக்க முடியாமல் நிற்பார்.

கடவுச்சீட்டின் நாடு

முடிவெடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, யார் செலுத்துகிறார் என்பது. ஐரோப்பிய ஒன்றியம் விசா தேவைப்படாத நாட்டவர்களுக்காக அறிமுகப்படுத்தும் எட்டியாஸ் அனுமதிக்கு 20 யூரோ என்று அறிவிக்கப்பட்டுள்ளது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் அந்தக் கட்டணம் இல்லை. பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதியில் அப்படிப்பட்ட வயது விலக்கு இல்லை. ஆகவே தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கும், நடுவயது நண்பர்கள் நால்வருக்கும் இந்த இரண்டில் எது குறைவு என்ற விடை ஒன்றாக இராது. பிலிப்பைன்ஸின் பயண வரி முதன்மையாக அந்நாட்டுக் குடிமக்களிடமிருந்தே வாங்கப்படுகிறது. எகானமி வகுப்பில் 1,620 பெசோ. சுற்றுலா வருபவர் அதைத் தன் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் தீர்வையிலிருந்து ஆஸ்திரேலியக் குடிமக்கள் விலக்கப்பட்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் பார்த்த குடும்பத்தின் கணக்கும் இதனால் தலைகீழாகக்கூடும். அவர்கள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், பூடானில் பெரியவர் ஒருவருக்கு இரவுக்கு 100 டாலர் இல்லை; 1,200 நுல்ட்ரம் மட்டுமே. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாதி, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்பதால் ஓர் இரவுக்கு 3,000 நுல்ட்ரம். நுல்ட்ரமின் மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமமாக நிறுத்தப்பட்டிருப்பதால் மாற்று விகிதக் கவலையும் இல்லை. நான்கு இரவுக்கு 12,000, பத்து இரவுக்கு 30,000. நியூசிலாந்துக்கு அவர்கள் விசா பெற்றே போக வேண்டும், விசாக் கட்டணத்துக்கு மேல் அதே 400 டாலர் தீர்வையும் உண்டு. எத்தனையாவது இரவில் பூடானின் கட்டணம் அந்த 400 நியூசிலாந்து டாலரைத் தாண்டுகிறது என்பதை அன்றைய மாற்று விகிதத்தில் வகுத்துப் பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு உட்பட்ட நாள்களே விடுப்பு இருக்கிறதென்றால் பூடான், அதற்கு மேல் நீண்ட விடுப்பு கிடைத்து விசாச் செலவையும் விமானக் கட்டணத்தையும் தாங்க முடிந்தால் நியூசிலாந்து என்று அந்தக் குடும்பம் முடிவு செய்யலாம்.